28 வாரத்தில் இரட்டையர்: ஒருத்தி தேறுகிறாள், ஒருவன் சறுக்குகிறான். யார் பக்கத்தில் இருப்பது?

திருச்சித் தென்றல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். 28 வாரத்தில் எனக்கு இரட்டைக் குழந்தைகள். முதலில் பெண், அடுத்து பையன். அவள் 1050 கிராம், அவன் 980. வளைகாப்புக்கு நாள் பார்த்து வளையல்காரரிடம் சொல்லியும் வைத்திருந்தோம். அந்த வாரமே பனிக்குடம் உடைந்துவிட்டது. நுரையீரலுக்கான ஸ்டீராய்டு ஊசியை முழுக் கணக்குக்கும் போட நேரம் கிடைத்ததே பெரிய விஷயம் என்றார் டாக்டர்.

பிறந்த அன்றே இருவருக்கும் நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க சர்ஃபாக்டன்ட் என்ற மருந்து கொடுத்தார்கள். மூக்கு வழியாகக் காற்றை அழுத்தத்தோடு கொடுக்கும் சிபாப்பிலிருந்து பெரியவள் இறங்கிவிட்டாள். இப்போது மூக்கில் மெல்லிய குழாய் மட்டும். வாய் வழிக் குழாயில் என் பால் போகிறது. சின்னவனும் அதே வழியில்தான் வந்துகொண்டிருந்தான். முந்தாநாள் இரவு அவன் வயிறு உப்பி, குழாயில் பச்சையாகத் திரும்பி வந்தது. என்இசி என்ற குடல் அழற்சி நோயாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் பாலை நிறுத்திவிட்டார்கள். மறுபடி வென்டிலேட்டர்.

மருத்துவம் பற்றிக் கேட்க வரவில்லை. அதை டாக்டர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். உள்ளே விடும் நேரம் இங்கே குறைவு. குழந்தைகளைச் சூடாக வைக்கும் இரண்டு வார்மரும் ஹாலின் இரண்டு மூலையில். பெரியவளை நெஞ்சில் போட்டுக்கொள், கங்காரு பராமரிப்பு செய் என்கிறார்கள். அவளுக்கு எடை ஏறியிருக்கிறது என்று நர்ஸ் சிரித்துக்கொண்டே சொல்லும்போது அந்த மூலையில் அவன் மானிட்டர் அடிக்கிறது. அவளோடு உட்கார்ந்தால் அவனை விட்டுவிட்ட மாதிரி இருக்கிறது. அவனிடம் போனால் தொடவும் விடுவதில்லை, சும்மா நிற்கிறேன், அதற்குள் அவளுக்கான நேரமும் முடிந்துவிடுகிறது.

இரட்டையரை வளர்த்தவர்கள் இதை எப்படிச் சமாளித்தீர்கள்? வீட்டில் கேட்டால் "எல்லாம் சரியாகும்" என்கிறார்கள். அதைத் தவிர வேறு ஏதாவது சொல்லுங்கள்.

மதுரை மல்லி

தென்றல், என் பையன்கள் 30 வாரம். இப்போது இரண்டு பேரும் எல்கேஜியில் பென்சில் பாக்ஸுக்குச் சண்டை போடுகிறார்கள். நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. முதலில் நன்றாக இருக்கும் குழந்தையிடம் போங்கள்.

சீரியஸாக இருப்பவனுக்கு அந்த நேரத்தில் வேண்டியது டாக்டரும் நர்ஸும். அவர்கள் அவனோடு இருக்கிறார்கள். பெரியவளுக்கு வேண்டியது நீங்கள்தான். அவளை நெஞ்சில் வைத்து எழுந்த பிறகு அவனிடம் போங்கள், உடம்பில் அந்தச் சூடு இருக்கும்போதே. எனக்கு அதுதான் தெம்பு கொடுத்தது.

ஈரோட்டு அப்பா

மல்லி சொல்வதை நான் ஏற்கவில்லை. அவனைப் பார்க்காமல் அவளை எடுத்து வைத்துக்கொண்டால் மனசு அங்கேதான் இருக்கும், இந்தக் குழந்தைக்கும் பாதி அம்மாதான் கிடைக்கும். முதலில் அவனிடம் போய், இன்றைக்கு என்ன நிலவரம் என்று கேட்டுவிட்டு, பிறகு நிம்மதியாக அவளிடம் உட்காருங்கள்.

நாங்கள் ஆளுக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டோம். மனைவி மூத்தவனுக்கு, நான் இளையவனுக்கு. யார் எவ்வளவு சிறுநீர் போனான், ரத்தம் எப்போது ஏற்றினார்கள் எல்லாம் ஒருவருக்கு முழுசாகத் தெரிந்திருந்தது. டாக்டர் ரவுண்ட்ஸில் கேள்வி கேட்கவும் அது உதவியது.

மதுரை மல்லி

அண்ணா, பிரித்துக்கொள்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. என் கணவரும் அப்படி ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் "உன் பிள்ளை", "என் பிள்ளை" என்ற பேச்சு வந்துவிட்டது. என் பிள்ளைக்கு எடை ஏறினால் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டம். நாங்கள் தினம் மாற்றி மாற்றிப் போனோம். தகவலுக்கு ஒரு நோட்டு. இடது பக்கம் ட்வின் 1, வலது பக்கம் ட்வின் 2.

செவிலி எஸ்என்சியு

அரசு மருத்துவமனை ஒன்றில் பச்சிளம் குழந்தைகள் சிறப்புப் பிரிவில் பல வருடமாக இருக்கிறேன். தென்றல்மா, உங்கள் டாக்டர் சொல்வதுதான் முதல். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

இருவரில் எது முதல் என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டியதில்லை, குழந்தைகளின் அட்டவணையே முடிவு செய்யும். இந்த எடையில் இரண்டு மணிக்கு ஒரு முறை பால், அதை ஒட்டித்தான் டயபர், டெம்பரேச்சர் எல்லாம் பார்ப்போம். இடையில் தூங்க விடுவோம். சின்னவனை எப்போது கையாள்வார்கள் என்று ஷிஃப்ட் ஆரம்பத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்கு அங்கே இருங்கள். மற்ற நேரத்தில் அவனைத் தொட விடாதது உங்கள் மேல் கோபத்தினால் அல்ல. நோயில் இருக்கும் குறைமாதக் குழந்தையைத் தொட்டாலே சில நேரம் ஆக்சிஜன் அளவு இறங்கும்.

அனுமதி கிடைத்தால் தடவிக் கொடுக்காதீர்கள். கையைச் சூடாக்கி, தலையில் ஒரு கை, மடக்கிய கால்களில் ஒரு கை, அசைக்காமல் வையுங்கள். மூடிப் பிடித்தது போன்ற அந்தப் பிடி அவர்களுக்குப் பிடிக்கும். மானிட்டர் எண்ணைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும்.

அடுத்தது முக்கியம். அவனுக்குப் பால் நிறுத்தியிருப்பதால் பால் எடுப்பதைப் பாதியாகக் குறைத்துவிடாதீர்கள். பல இரட்டைத் தாய்மார்கள் அப்படித்தான் செய்கிறார்கள், பிறகு அவனுக்கு மறுபடி ஆரம்பிக்கும்போது பால் போதாமல் தவிக்கிறார்கள். ஒரு நாளைக்கு 8 முறை, அதில் ஒன்று நள்ளிரவுக்குப் பிறகு. அவன் பங்கை அவன் பெயர், தேதி, நேரம் எழுதி ஃப்ரீசரில் வைக்கச் சொல்லுங்கள். என்இசி வந்த குடலுக்குத் திரும்ப முதலில் கொடுப்பது தாய்ப்பால்தான். அவன் பக்கத்தில் சும்மா நிற்கிறேன் என்றீர்களே, பம்ப் எடுத்து உட்காருவது அவனுக்குச் செய்யும் வேலைதான்.

பெண் குழந்தை முந்துவதும் பையன் பின்தங்குவதும் நாங்கள் அடிக்கடி பார்ப்பது. அதே வாரம், அதே எடை என்றாலும் பெண்களின் நுரையீரல் கொஞ்சம் முன்னதாக முதிர்கிறது. அவளை வைத்து அவனை அளக்காதீர்கள்.

கும்பகோணத்துப் பாட்டி

அம்மாடி தென்றல், கவலைப்படாதே. ஏழாம் மாதப் பிள்ளை தங்கும் என்பார்கள் பெரியவர்கள். எட்டாம் மாதம்தான் தங்காது. எங்கள் அத்தை வீட்டில் ஏழு மாதத்தில் பிறந்தவரைப் பஞ்சில் பொதிந்து வைத்து வளர்த்தார்கள். பட்டாளத்தில் சேர்ந்து ஓய்வும் வாங்கிவிட்டார்.

எனக்கும் பேரன்கள் இரட்டை, 31 வாரம். மூச்சு விட மறந்து போகிறார்கள் என்று அதற்குக் காஃபின் கொடுப்பதாக டாக்டர் சொன்னார். காபிப் பொடியில் இருக்கிறதே அதுவா என்று கேட்டேன். அதேதான் பாட்டி என்றார். எங்கள் ஊரில் பிறந்ததற்கு வேறு எதைக் குடிப்பார்கள்!

செவிலி எஸ்என்சியு

பாட்டியம்மா, காஃபின் விஷயம் சரிதான். 20 விநாடிக்கு மேல் மூச்சு நின்றால் அதை அப்னியா என்கிறோம், அதற்குத்தான் அந்த மருந்து.

ஆனால் ஏழு, எட்டு மாதக் கதையை மட்டும் விட்டுவிடுங்கள். வார்டில் எட்டாம் மாதம் பிறந்த குழந்தையின் அம்மா அதை நம்பிக்கொண்டு சாப்பிடாமல் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். கருவில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். 28ஐ விட 32 நல்லது, 32ஐ விட 34 நல்லது.

பஞ்சு, அங்கேதான் உங்கள் அத்தை வீட்டார் சரியாக இருந்தார்கள். சூடு போகாமல் பார்ப்பது பாதி வைத்தியம்.

ஈரோட்டு அப்பா

ராத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து போனில் படித்துத் தள்ளிய ஆள் நான். அதில் ஒன்று மறக்கவே இல்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாக ஒரு மகன் பிறந்தான். ஏறக்குறைய 2.1 கிலோ. இரண்டு நாள்கூட இருக்கவில்லை. நுரையீரல் ஒட்டிக்கொள்ளும் அதே நோய். உலகத்திலேயே அதிகாரம் உள்ள அப்பாவுக்கு அன்றைக்கு வாங்கித் தர ஒன்றும் இல்லை. 1959லேயே மேரி எலன் ஏவரி என்ற டாக்டர் இந்த நோய்க்குக் காரணம் சர்ஃபாக்டன்ட் குறைவு என்று கண்டுபிடித்துவிட்டார். அதை மருந்தாகக் குழந்தையின் நுரையீரலுக்குள் கொடுத்துப் பார்த்து ஜப்பானிய டாக்டர் ஃபுஜிவாரா வெளியிட்டது 1980ல்தான். நம் பிள்ளைகளுக்கு இன்று அது ஒரு சின்னக் குப்பி.

விலை சின்னது இல்லை என்பது வேறு கதை. செலவு பற்றி யாராவது கேட்டால் எழுதுகிறேன்.

யாழினி டொரோண்டோ

தென்றல், எனக்கும் ஒரு பொடியனும் ஒரு பெட்டையும். 27 கிழமையில் பிறந்தவர்கள். இங்கே தாய் தகப்பன் எந்த நேரமும் உள்ளே இருக்கலாம் என்பதால் நேரப் பிரச்சினை இல்லை. ஆனால் பிள்ளைகள் வேறு வேறு அறையில். ஒரு தாதியிடம் இவனைப் பற்றிக் கதைத்துவிட்டுத் திரும்பும்போது அவளுக்கு எக்ஸ்ரே எடுத்து முடிந்திருக்கும். எவ்வளவு நேரம் தந்தாலும் ஒரு ஆள் ஒரு ஆள்தான்.

ஒன்று கேட்டுப் பாருங்கோ: இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் மாற்ற ஏலுமா என்று. எங்களுக்கு உடனே நடக்கவில்லை, இடம் காலியானபோது மாற்றினார்கள்.

பெயர் வேண்டாம்

எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

எனக்கும் இரட்டையர். இளையவள் இல்லை. அவளுக்கும் இதே குடல் நோய்தான். ஆபரேஷன் வரை போனது. மூத்தவன் இப்போது மூன்றாம் வகுப்பு.

தென்றல், உங்கள் பையனுக்கு அப்படி ஆகும் என்று சொல்லவில்லை. ஆபரேஷன் இல்லாமல் மருந்திலேயே சரியான குழந்தைகளை அதே வார்டில் பார்த்தேன். நான் சொல்ல வந்தது நீங்கள் கேட்டதற்குப் பதில். அவள் கடைசி நாட்களில் நான் மூத்தவனை நெஞ்சில் வைத்திருந்தேன். அதனால் அவளுக்கு எதுவும் குறையவில்லை. பல வருடம் அதை நினைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். அவன் ஏறிய ஒவ்வொரு 20 கிராமுக்கும் சந்தோஷப்பட்டேன், அதே நாளில் அவளுக்காக அழுதேன். இரண்டும் ஒரே நாளில் நடக்கும். நடக்கட்டும்.

சொந்தக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "ஒன்றாவது கையில் இருக்கிறதே" என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

மதுரை மல்லி

அக்கா, நன்றி. வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

திருச்சித் தென்றல் (மறுநாள் இரவு)

எல்லோருடைய பதிலையும் படித்தேன். பெயர் சொல்லாத அக்கா எழுதியதைப் படித்துவிட்டு இன்று அவளை எடுத்து வைத்துக்கொண்டேன். அழுதேன். அவள் தூங்கினாள்.

சிஸ்டர் சொன்னபடி நேரம் கேட்டுப் போனேன். காலை ஷிஃப்ட் நர்ஸ், அவனைக் கையாளும்போது தலையிலும் காலிலும் கை வைக்க விட்டார். ஆக்சிஜன் 88ல் இருந்தது 93க்கு வந்தது. தற்செயலாகக்கூட இருக்கலாம். எனக்கு அது போதும்.

எக்ஸ்ரேயில் குடல் ஓட்டை எதுவும் இல்லையாம். ஆன்டிபயாடிக் தொடர்கிறது. பால் இல்லை, ஊட்டமெல்லாம் நரம்பு வழியேதான்.

மாமியார் சேனை வைக்க வேண்டும் என்கிறார். பெரியவளுக்காவது நாக்கில் ஒரு துளி சர்க்கரைத் தண்ணீர் தடவச் சொல்கிறார். என்ன சொல்வது?

கும்பகோணத்துப் பாட்டி

நானே சொல்கிறேன், வேண்டாம். சேனை வைப்பதில் ஆசைப்பட்டவள் நான். யார் வைத்தால் யார் குணம் வரும் என்று வீட்டில் பட்டிமன்றமே நடந்தது. டாக்டர் பெண் ஒருத்தி என்னை உட்கார வைத்துச் சொன்னாள். இந்தக் குடலுக்குத் தாய்ப்பால் தவிர ஒரு துளியும் ஆகாது பாட்டி, தேனோ சர்க்கரையோ போனால் வயிறு கெடும் என்று. சேனைக்குப் பதிலாக அம்மாவின் சீம்பாலைப் பஞ்சில் தொட்டுக் கன்னத்தின் உட்புறம் தடவினார்கள். அதைவிட நல்ல சேனை எது? உன் மாமியாரிடம் இப்படிச் சொல், கேட்பார்.

இன்னொரு வேலையும் அவருக்குக் கொடு. என்னை அப்படித்தான் வழிக்குக் கொண்டுவந்தார்கள். மருமகளுக்கு ஆபரேஷன் வலி, ஒரு குழந்தையைத்தான் நெஞ்சில் வைக்க முடிந்தது. இன்னொருவனுக்கு நான் உட்கார்ந்தேன். குளித்துவிட்டு, முன்பக்கம் திறந்த சட்டை போட்டு, வெறும் நெஞ்சில் அவனை வைத்துத் துணியால் கட்டினார்கள். 66 வயதில் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு என்னை எழுப்பவே முடியவில்லை.

செவிலி எஸ்என்சியு

பாட்டியம்மா சொன்னதில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம்.

கங்காரு முறை கொலம்பியா நாட்டு பொகோட்டாவில் 1978ல் வந்தது. இன்குபேட்டர் பற்றாக்குறையில் எட்கர் ரே சனாப்ரியா என்ற டாக்டர் குழந்தைகளை அம்மாக்களின் நெஞ்சிலேயே வைக்கச் சொன்னார். ஏழை நாட்டுக்கான மாற்று வழி என்றுதான் பலரும் ரொம்ப நாள் நினைத்தார்கள். பிறகு இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 1 முதல் 1.8 கிலோ வரையான குழந்தைகளை, உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்த உடனேயே நெஞ்சில் வைத்துப் பார்த்தார்கள். டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் ஒன்று. 2021ல் முடிவு வந்தது, இறப்பு 25 சதவீதம் குறைவு. இத்தனைக்கும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக உடனே நெஞ்சில் வைக்காமல் விட்ட குழந்தைகளுக்கும் நல்ல தீவிர சிகிச்சை கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. சிபாப்பில் இருக்கும் குழந்தையைக்கூட நெஞ்சில் வைக்கலாம். உங்கள் மருத்துவமனையில் நேரம் குறைவு என்றால், கங்காருவுக்காக மட்டும் கூடுதல் நேரம் கேளுங்கள். அப்பாவும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம்.

சேலம் புதுசு

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஈரோட்டு அண்ணா, செலவு பற்றிச் சொல்ல முடியுமா? என் அக்காவுக்கு இரட்டையர், 32 வாரம், தனியார் மருத்துவமனை. பில்லைப் பார்த்து மாமா சாப்பிடவில்லை.

ஈரோட்டு அப்பா

தம்பி, தனியாரில் ஒரு குழந்தைக்கு ஒரு நாள் என்பதே ஐந்திலக்கத்துக்குப் போகலாம். இரட்டை என்றால் பில்லும் இரண்டு. ஃபைலும் இரண்டு, எதற்கும் சலுகை இல்லை.

முதலில் மாமாவின் ஆபீஸ் இன்ஷூரன்ஸைப் பாருங்கள். கம்பெனி எடுக்கும் குழுக் காப்பீடு என்றால் பெரும்பாலும் பிறந்த நாளிலிருந்தே குழந்தை சேரும், ஆனால் ஹெச்ஆருக்கு உடனே தகவல் கொடுத்துப் பெயர் சேர்க்க வேண்டும். பெயரே வைக்கவில்லையே என்று உட்கார்ந்துவிடாதீர்கள், "பேபி ஆஃப்" என்று அம்மா பெயரில் ட்வின் 1, ட்வின் 2 என்றே சேர்ப்பார்கள். சொந்தமாக எடுத்த பாலிசி என்றால் பலவற்றில் 90 நாள் முடிந்த பிறகுதான் குழந்தைக்குக் கவர். நாங்கள் அதில்தான் மாட்டினோம்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். பெயரைப் பிறகு சேர்க்கலாம், ஒரு வருடம் வரை கட்டணம் இல்லை. ஆண், பெண், பிறந்த நேரம் இரண்டுக்கும் சரியாக இருக்கிறதா என்று படிவத்தில் பாருங்கள்.

கையில் பணம் தீர்கிறது என்றால் கௌரவம் பார்க்காதீர்கள். அரசு மருத்துவமனைக்கு மாற்ற முடியுமா என்று குழந்தையின் டாக்டரிடமே கேளுங்கள். நாங்கள் இளையவனை அப்படி மாற்றினோம். போகும் வழியில்தான் ஆபத்து, அதனால் பச்சிளம் குழந்தைகளுக்கான 108 வண்டியில்தான் மாற்ற வேண்டும், டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான். அங்கே கட்டில் நெருக்கம், கூட்டம், எல்லாம் உண்டு. சிகிச்சையில் குறை ஒன்றும் நான் பார்க்கவில்லை. 2011லிருந்து நோயுற்ற பச்சிளம் குழந்தைக்கு மருந்து, பரிசோதனை, ரத்தம் எல்லாம் இலவசம் என்று மத்திய அரசுத் திட்டமே இருக்கிறது.

சேலம் புதுசு

ரொம்ப நன்றி அண்ணா. மாமாவிடம் இப்போதே காட்டுகிறேன்.

திருச்சித் தென்றல் (சில வாரம் கழித்து)

நல்ல செய்தியும் குழப்பமும் சேர்ந்தே வந்திருக்கின்றன.

சின்னவனுக்கு ஆபரேஷன் தேவைப்படவில்லை. 1 மில்லியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். ஃப்ரீசரில் அவன் பெயரில் இருந்த பால்தான். அதை எடுத்துப் போகும்போது நர்ஸ் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வென்டிலேட்டரிலிருந்து இறங்கி சிபாப். இடையில் ஒரு தொற்று வந்து இரண்டு படி கீழே போய் மறுபடி ஏறினான். இப்போதும் ஆக்சிஜன் வேண்டியிருக்கிறது.

பெரியவள் 1.7 கிலோ. பாலாடையில் குடிக்கிறாள், மார்பிலும் பிடிக்கிறாள். காஃபின் நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது, அப்னியா இல்லை. வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார் டாக்டர். நான் சிரிப்பதற்குள் அடுத்த யோசனை. வீட்டுக்குப் போன குழந்தையை மறுபடி உள்ளே விட மாட்டார்கள். வீடு மணப்பாறைப் பக்கம். அவளோடு வீட்டில் இருந்தால் அவன் தனியாகிவிடுவான். இருவரையும் ஒன்றாக டிஸ்சார்ஜ் செய்யும்வரை அவளையும் அங்கேயே வைத்திருக்கச் சொல்லலாமா?

மதுரை மல்லி

எங்களுக்கும் இது நடந்தது. ஒன்றாகவே போகலாம் என்றுதான் நானும் கேட்டேன். இரண்டு கார் சீட், ஒரே மாதிரி குல்லா என்று மனசில் ஒரு படம் இருந்தது. இல்லையா?

செவிலி எஸ்என்சியு

வேண்டாம்மா. உடம்பு தேறிய குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாள் கூடுதலாக வைப்பது தொற்றுக்குக் கதவைத் திறந்து வைப்பது. கட்டிலும் வேறு குழந்தைக்கு வேண்டும். அவளைக் கூட்டிப் போங்கள்.

ஆனால் வீட்டுக்கும் பிரிவுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். எங்கள் மருத்துவமனையில் கங்காரு வார்டு இருக்கிறது. தேறிய குழந்தையோடு அம்மா அங்கே படுத்துக்கொண்டு, பால் நேரத்துக்கு எங்கள் பிரிவுக்கு வந்து மற்றதைப் பார்க்கலாம். தனியாரிலும் சில இடங்களில் தாய்க்கு அறை கொடுப்பார்கள். இல்லையென்றால் பக்கத்தில் மாத வாடகைக்கு ஓர் அறை.

யாழினி டொரோண்டோ

மகள் வீட்டுக்கு வந்த பிறகு நான் பகலில் மகனிடம் போவேன், பின்னேரம் கணவர் வேலையால் வந்து அவர் போவார். என் அம்மா மகளைப் பார்த்தா. சில நாட்கள் நான் போகவில்லை. தாதிக்கு போன் எடுத்து, அவன் எப்படி என்று கேட்டுவிட்டுப் படுத்துவிடுவேன். அதுவும் பரவாயில்லை தென்றல். தாதிமார் உங்களைக் கணக்கெடுக்க மாட்டார்கள்.

ஈரோட்டு அப்பா

யாழினி சொன்ன கடைசி வரியில் எனக்கு உடன்பாடு இல்லை. சில இடங்களில் கணக்கெடுப்பார்கள். "இரண்டு நாளாக அம்மா வரவில்லை" என்று ஒரு மருத்துவமனையில் என் காதுபடவே பேசினார்கள். அவர்களிடம் விளக்கம் சொல்லத் தேவையில்லை, அவ்வளவுதான்.

தென்றல், கண் பரிசோதனை ஆயிற்றா? நீங்கள் எழுதவே இல்லையே. 2 கிலோவுக்குக் கீழே அல்லது 34 வாரத்துக்கு முன் பிறந்தால் கட்டாயம். உங்கள் பிள்ளைகள் அளவு என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே ஆரம்பிக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சந்தோஷத்தில் அடுத்த தேதியை விட்டுவிடுவார்கள். விழித்திரை நோய் வெளியில் ஒரு அடையாளமும் காட்டாது.

திருச்சித் தென்றல்

ஆயிற்று அண்ணா. இருவருக்கும் முதல் முறை பார்த்துவிட்டார்கள், வாரா வாரம் பார்க்கிறார்கள். சொட்டு மருந்து போட்டு, கண்ணைத் திறந்து பிடித்துப் பார்ப்பார்கள். நான் வெளியே போய்விடுவேன், என் கணவர் நிற்பார். அவளுக்கு லேசாக இருந்து தானாகவே குறைகிறது என்கிறார்கள். அவனுக்குக் கூடிக்கொண்டு போகிறது. லேசர் என்று இன்று காலை சொன்னார்கள், இரண்டு நாளுக்குள். மூச்சு இன்னும் முழுசாகச் சரியாகவில்லையே, தாங்குவானா என்று பயமாக இருக்கிறது.

ஈரோட்டு அப்பா

என் இளையவனுக்கும் லேசர்தான். அன்றும் மறுநாளும் ஆக்சிஜன் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்பட்டது, பாலும் சரியாக எடுக்கவில்லை. அதற்குப் பிறகு பழையபடி. தள்ளிப் போடச் சொல்லாதீர்கள், இதில் நாள் கணக்குதான். இன்று கண்ணாடி போட்டுக்கொண்டு கிரிக்கெட் பந்தைத் தவற விடுகிறான், அதற்குக் கண் காரணம் இல்லை.

பெயர் வேண்டாம்

தென்றல், லேசர் முடிந்ததும் எழுதுங்கள். பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

திருச்சித் தென்றல் (ஒரு வாரம் கழித்து)

முடிந்தது. ஈரோட்டு அண்ணா சொன்ன மாதிரியே இரண்டு நாள் இறங்கி ஏறினான். ரத்தக் குழாய்கள் அடங்குகின்றன என்கிறார் கண் டாக்டர்.

மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் அறை எடுத்துவிட்டோம். பெரியவள், நான், மாமியார். காலையில் அவளை மாமியார் நெஞ்சில் கட்டிவிட்டு அவனிடம் போகிறேன். சேனை கேட்ட அதே மாமியார்தான். இப்போது யாராவது பார்க்க வந்தால் "கை கழுவினாயா" என்று வாசலிலேயே நிறுத்துகிறார். அவளிடம் போவதா அவனிடம் போவதா என்ற கேள்வி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், தினம் காலையில் இருக்கிறது. ஆனால் நின்று யோசிப்பதில்லை, கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

கும்பகோணத்துப் பாட்டி

உன் மாமியாரிடம் என் நமஸ்காரம் சொல். சுறாப்புட்டு, பூண்டுக் குழம்பு எல்லாம் செய்து தருகிறாரா? நாங்கள் சைவம், எங்களுக்குப் பூண்டுப் பால்தான்.

திருச்சித் தென்றல் (அடுத்த மாதம்)

அவன் வந்துவிட்டான். 2.1 கிலோ. ஆக்சிஜன் இல்லாமல். இரண்டு பேரையும் ஒரே தொட்டிலில் போட்டோம், அவள் கத்தினாள், எடுத்துவிட்டோம். காது பரிசோதனை அவளுக்குச் சரி. அவனுக்கு ஒரு பக்கம் மறுபடி பார்க்க வேண்டுமாம், பெரா என்ற சோதனைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

சிஸ்டர், ஒரு சந்தேகம். திருத்திய வயது என்கிறார்களே, தடுப்பூசியும் அந்தக் கணக்கா? பக்கத்து வீட்டு அக்கா, மூன்று மாதம் தள்ளிப் போடு என்கிறார். எப்போது கூழ் கொடுப்பது?

செவிலி எஸ்என்சியு

தடுப்பூசிக்குப் பிறந்த தேதிதான் கணக்கு, தள்ளக் கூடாது. குறைமாதக் குழந்தைக்குத்தான் அது இன்னும் அவசியம். தலை நிற்பது, குப்புற விழுவது, உட்காருவது எல்லாவற்றையும் திருத்திய வயதில் பாருங்கள், அதாவது பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து. இரண்டு வயது வரை அப்படித்தான். அவள் குப்புற விழுந்து அவன் விழவில்லை என்றால் அவனுக்கு இன்னும் நேரம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கூழை அவர்கள் வளர்ச்சியைப் பார்த்துக் குழந்தை டாக்டர் சொல்வார், இருவருக்கும் ஒரே நாளில் ஆரம்பிக்க வேண்டும் என்று இல்லை. இரும்புச் சொட்டையும் வைட்டமின் டியையும் நிறுத்தாதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கும். கண், காது, பிசியோதெரபி எல்லாம் ஒரே இடத்தில் பார்ப்பார்கள், கட்டணம் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரிஜினலைக் கொடுத்துவிடாதீர்கள்.